அரிக்கமேடு

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள பண்டைய துறைமுகப் பட்டினம். பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் கூறும் ‘பொதுகே’ இதுவே என்பது பலர் கருத்து. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது செங்கல் கிடங்கு ஒன்றின் அடித்தளம், தொட்டிகள், இத்தாலிய அரெட்டைன் மட்பாண்டத் துண்டுகள், ஆம்போரா எனும் இருகைப்பிடிச் சாடிகள் ஆகியவை வெளிப்பட்டன. அச்சாடிகளில் திராட்சை மது மட்டுமல்ல, ஆலிவ் எண்ணெயும் மீன்சாறும் வந்திறங்கின.

வீலர் இதை ரோமானிய வணிக நிலையம் என்றார். 1989–92-இல் விமலா பெக்லி நடத்திய அகழாய்வு அதைத் திருத்தியது: ரோமானியர் வருமுன்பே இங்கு ஊர் இருந்தது, மணி செய்யும் தொழில் அவர்களுக்குப் பின்னும் நீடித்தது.

இன்று இங்கு நிற்கும் செங்கல் சுவர்களை ரோமானியச் சின்னம் என்று படமெடுப்போர் உண்டு. அவை 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் குருமடத்தின் இடிபாடுகள். வீலர் கண்ட கிடங்கோ அகழாய்வுக்குப் பின் மண்ணுக்குள் மூடப்பட்டுவிட்டது.