இரண்டு கட்டை லைட்டின் கதை: வேலைக்கு ஏற்ற டார்ச் எது?

கடையில் போய் "நல்ல டார்ச் லைட் ஒண்ணு கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது அதிக வெளிச்சம் வருகிற லைட்டைத்தான். நாமும் சுவரில் அடித்துப் பார்த்துவிட்டு வாங்கி வந்துவிடுவோம். ஆனால் டார்ச் லைட்டின் வரலாற்றைப் புரட்டினால், வெளிச்சம் என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்று தோன்றுகிறது. முதல் கேள்வி, உள்ளே போடுகிற கட்டை எப்படிப்பட்டது? இரண்டாவது கேள்வி, என்ன வேலைக்கு? (எங்கள் நாவலூர் பக்கம் பேட்டரி செல்லுக்குக் கட்டை என்றுதான் பெயர். டார்ச்சைக்கூட 2 கட்டை லைட், 3 கட்டை லைட் என்று கட்டையை வைத்துத்தான் சொல்வார்கள்.)

பெயர் வந்த கதை

1866-ல் பிரான்சைச் சேர்ந்த ஜார்ஜ் லெக்லான்ஷே உருவாக்கிய மின்கலத்துக்குள் திரவம் இருந்தது. சாய்த்தால் கொட்டிவிடும். ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் காஸ்னர் 1886-ல் அந்தத் திரவத்தைக் கெட்டியாக்கி, துத்தநாக டப்பாவுக்குள் அடைத்தார். உலர் மின்கலம் பிறந்தது. கையில் தூக்கிக்கொண்டு நடக்கும் மின்விளக்குக்கு இதுதான் அஸ்திவாரம்.

1899 ஜனவரி 10 அன்று டேவிட் மிசெல் என்பவருக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது. ஒரு குழாய், அதற்குள் வரிசையாக மின்கலங்கள், முனையில் பல்பு, பின்னால் ஒரு பித்தளைப் பிரதிபலிப்பான். அவ்வளவுதான். காப்புரிமை போய்ச் சேர்ந்தது கான்ராட் ஹியூபர்ட் என்ற ரஷ்யக் குடியேறியின் கம்பெனிக்கு. பிற்பாடு எவரெடி என்று பெயர் வாங்கியது இந்தக் கம்பெனிதான். ஹியூபர்ட் முதலில் இந்த லைட்டுகளை நியூயார்க் போலீஸ்காரர்களுக்குக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். இரவு ரோந்து என்கிற வேலைக்குத்தான் டார்ச் முதன்முதலில் போனது என்பதைக் கவனியுங்கள்.

அந்தக் காலத்துக் கட்டைகளால் தொடர்ந்து மின்சாரம் தர முடியாது. கொஞ்ச நேரம் எரியும், பிறகு ஓய்வு கொடுக்க வேண்டும். 'மின்னி மறையும் விளக்கு' என்ற பொருளில் அமெரிக்கர்கள் ஃப்ளாஷ் லைட் என்றார்கள். ஆங்கிலேயர்கள் தீப்பந்தம் என்ற பொருளில் டார்ச் என்றார்கள். நமக்கு வந்து சேர்ந்தது ஆங்கிலேயர் வைத்த பெயர்.

கட்டை விற்ற கம்பெனி

எவரெடி 1905-லேயே இந்தியாவுக்குக் கட்டைகளை இறக்குமதி செய்ய ஆரம்பித்துவிட்டது. 1934-ல் இங்கே கம்பெனியாகப் பதிவானது. 1939-ல் கல்கத்தாவில் முதல் பேட்டரி தொழிற்சாலை. 1952-ல் சென்னையில் இன்னொன்று. டார்ச் லைட் செய்யும் தொழிற்சாலை 1958-ல் லக்னோவில் வந்தது. ஆக, இங்கே முதலில் வந்தது கட்டை ஆலை. லைட் ஆலை பல வருடம் கழித்துத்தான்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதன் காரணம் சட்டென்று பிடிபடும். டார்ச்சை ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான் விற்க முடியும். கட்டையை மாதாமாதம் விற்கலாம். ரேசரைக் கொடுத்துவிட்டு பிளேடில் சம்பாதிக்கிற அதே வியாபாரம்தான்.

1959-ல் இந்தக் கம்பெனியின் பெயர் யூனியன் கார்பைடு இந்தியா என்று மாறியது. ஆமாம், அதே யூனியன் கார்பைடுதான். 1984 டிசம்பர் 2-3 இரவில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானவர்கள் இறந்த போபால் பூச்சிமருந்து ஆலை இவர்களுடையது. தெரு முனைப் பெட்டிக்கடை வரை போய்ச் சேர்ந்திருந்த சிவப்புக் கட்டையும் அந்த ஆலையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்தன. 1994-ல் அமெரிக்கத் தாய்க் கம்பெனி தன் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறியது. அதன் பிறகு இந்தியக் கம்பெனி மீண்டும் எவரெடி என்ற பெயரை வைத்துக்கொண்டது.

வெயிலில் காய்ந்த கட்டைகள்

வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வெளிச்சம் மங்கினால் கட்டையைக் கழற்றி வெயிலில் காய வைப்பார்கள். மறுபடியும் கொஞ்ச நேரம் எரியும். இது வெறும் நம்பிக்கை இல்லை. சூட்டில் உள்ளே நடக்கும் வேதிவினை வேகமாகும். ஓய்வு கிடைத்ததும் கட்டை கொஞ்சம் தேறிக்கொள்ளும்.

கட்டை ஒழுகி லைட் வீணாவதற்கும் காரணம் அதற்குள்ளேயே இருக்கிறது. கட்டையின் துத்தநாக டப்பாதான் அதன் எதிர்மின்முனை. கட்டை தீரத் தீர டப்பாவும் அரிக்கப்பட்டு மெலிகிறது. கடைசியில் ஓட்டை விழுந்து உள்ளே இருக்கும் உப்பு வெளியே வருகிறது. லைட்டை உபயோகிக்காமல் மூட்டை கட்டி வைக்கும்போது கட்டையைக் கழற்றி விடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இப்படியெல்லாம் சிக்கனமாக ஓட்டியும், குமிழ் பல்பு அந்த மின்சாரத்தில் 10-ல் 9 பங்குக்கு மேல் சூடாக்கி வீணடித்தது. 1990-களில் ஜப்பானில் நீல எல்.இ.டி. தயாரானது. நீல ஒளி மஞ்சள் பாஸ்பர் பூச்சின் மேல் பட்டால் வெள்ளை வெளிச்சம் கிடைக்கும். நீல எல்.இ.டி.க்காக அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 1991-ல் சோனி கடைக்குக் கொண்டு வந்த லித்தியம் அயன் பேட்டரியும் இதோடு சேர்ந்துகொண்டது. கட்டைதான் எல்லை என்ற நிலை மாறிவிட்டது. இன்று சட்டைப் பையில் வைக்கிற லைட் பழைய 3 கட்டை லைட்டைத் தோற்கடிக்கும். அதனால் இப்போது முக்கியமான கேள்வி, என்ன வேலை என்பதுதான்.

எந்த வேலைக்கு எந்த லைட்

ஐ.டி. கம்பெனிகள் வருவதற்கு முன் நாவலூர் வயலும் ஏரியுமாக இருந்த ஊர். செங்கல்பட்டு மாவட்டத்தில் இன்றும் நெல் வயல்கள் நிறைய இருக்கின்றன. மும்முனை கரண்ட் இரவில் வந்தால் மோட்டார் போட வயலுக்குப் போக வேண்டும். கட்டுவிரியன் இரை தேடுவதும் இரவில்தான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பாம்புக்கடிக்கான மருந்து செய்யத் தேவையான விஷத்தை எடுக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தொடங்கியது, நமக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில்தான். ஆனால் மருந்தை விட மலிவானது, பாம்பை மிதிக்காமல் இருப்பது. வரப்பில் நடக்கிறவருக்கு 500 மீட்டர் பாயும் லைட் எதற்கு? காலடியில் அகலமாக விழும் வெளிச்சம் போதும். கையில் மண்வெட்டி இருக்கும் என்பதால் நெற்றியில் கட்டுகிற லைட் இன்னும் நல்லது.

அப்படியே கடற்கரைக்கு வாருங்கள், கதை தலைகீழ். பங்குனி ஆமைகள் முட்டையிடும் மாதங்களில், சென்னை மாணவர்கள் 1988-ல் ஆரம்பித்த கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவு முழுவதும் மணலில் நடக்கிறார்கள். ஆமைக் குஞ்சுகள் வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று நம்பி ஓடும். பளீரென்ற வெள்ளை லைட் அடித்தால் குஞ்சு கரைப் பக்கம் திரும்பிவிடும். இந்த வேலைக்கு நல்ல டார்ச் என்றால் மங்கலான, சிவப்பு வெளிச்சம் தருவது. அதையும் பெரும்பாலான நேரம் அணைத்தே வைத்திருக்க வேண்டும்.

சிறுசேரி ஐ.டி. வளாகங்களில் 12 மணி நேர ஷிப்ட் பார்க்கும் செக்யூரிட்டிக்கு வேண்டியது இன்னொன்று. தூரம் பாயவும் வேண்டும், விடியும் வரை தாங்கவும் வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. 2009-ல் அமெரிக்காவில் வந்த ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 தரத்தின்படி, வெளிச்சம் 10 சதவீதமாகக் குறையும் வரை எரிவதுதான் எரியும் நேரம். பெட்டியில் அந்தக் குறி இருந்தால் எண்களை நம்பலாம்.

2. அதே தரத்தில் தூரம் என்பது, வெளிச்சம் 0.25 லக்ஸ் (நிலா வெளிச்சம் அளவு) ஆகக் குறையும் இடம் வரை. 200 மீட்டர் என்று போட்டிருந்தால் அங்கே முகம் தெரியும் என்று அர்த்தம் இல்லை.

3. 18650 என்பது 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் உள்ள லித்தியம் கட்டை. அதன் மேல் 9900 எம்.ஏ.எச். என்று அச்சடித்திருந்தால் பொய். பெரிய கம்பெனிகளின் நல்ல கட்டையே 3500 அளவில்தான் இருக்கும்.

4. மழையில் வேலை என்றால் ஐ.பி. எண்ணின் இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள். 4 என்றால் தண்ணீர் தெறித்தால் தாங்கும், 7 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும்.

1899-ல் கட்டையால் முடிந்தது எவ்வளவோ அவ்வளவுதான் வெளிச்சம். தேர்ந்தெடுக்கும் உரிமை மனிதனுக்கு இல்லை. இன்று அது நம் கையில் இருக்கிறது. சுவரில் அடித்துப் பார்த்து அதை வீணாக்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய பித்தளை லைட் கிடந்தால், முதலில் அதற்குள் கட்டை ஒழுகிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள் :)