80 மீட்டர் நினைவகம்

கணினி வழி இயங்கும் சிஎன்சி லேத்தின் மூளையான பழைய ஃபேனக் கன்ட்ரோலரின் கையேட்டைப் புரட்டினால், புரோகிராம் நினைவகத்தின் அளவு மீட்டரில் போட்டிருக்கும்: 40 மீட்டர், 80 மீட்டர், 320 மீட்டர். காகித நாடாவில் அங்குலத்துக்கு 10 எழுத்து என்று துளையிட்ட காலத்துக் கணக்கு அது. 80 மீட்டர் என்றால் சுமார் 32 கிலோபைட். நாடா வழக்கொழிந்த பிறகும் பெங்களூரு பீன்யாவின் ஷெட்டுகளில் வந்திறங்கிய சிஎன்சி லேத்துகள் இந்த மீட்டர் கணக்கைச் சுமந்தே வந்தன.

அங்கே இயந்திரங்கள் வந்து சேர்ந்ததற்குப் பின்னணி உண்டு. இயந்திரக் கருவிகள் செய்யும் எச்எம்டி 1953-இல் தொடங்கி ஜாலஹள்ளியில் வளர்ந்தது. 1961-இல் பாரத் ஃபிரிட்ஸ் வெர்னர், அடுத்த ஆண்டே துமகூரு சாலையில் மத்திய இயந்திரக் கருவி நிலையம், 1979-இல் ஏஸ் டிசைனர்ஸ். இவற்றைச் சுற்றி, இரண்டு மூன்று லேத்துகளோடு ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் பெருகின.

1982-இல் இங்கிலாந்தில் வெளியான சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் போன்ற வீட்டுக் கணினிகளும் ஏறக்குறைய இந்த 32 கிலோபைட் அளவு நினைவகத்தோடுதான் வாழ்ந்தன. கேசட்டிலிருந்து விளையாட்டு ஏறாமல் ‘டேப் லோடிங் எரர்’ என்று திரை சொன்னால் ஐந்து நிமிடம் வீண். நாடாவைத் திரும்பச் சுற்றி மறுபடி ஓட்ட வேண்டும். ஆனால் லேத்தில் ஓர் எழுத்து பிசகினால் டூல் சுழலும் சக்கில் போய் மோதும். புரோகிராமை ஏற்க மறுக்கும் அலாரத்தைத் தொல்லை என்று திட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அந்த அலாரத்துக்குப் பின்னால் உள்ள சோதனையின் அழகை நாடாவில் கண்ணாலேயே பார்க்கலாம். ஐஎஸ்ஓ முறையில் ஒவ்வொரு எழுத்துக்கும் துளைகள் இரட்டைப்படையில்தான் இருக்கவேண்டும்; இதுதான் இரட்டைப் பேரிட்டி. 3 என்ற இலக்கத்துக்கு நான்கு துளை. அதில் ஒரு குறிப்பிட்ட துளையை எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துவிட்டால் மிச்சம் 1 போலவே தெரியும். 30 மில்லிமீட்டர் 10 ஆகிவிடும். ஆனால் துளைகள் மூன்றாகக் குறைந்ததால் 001-ஆம் அலாரம் அடித்து இயந்திரம் நின்றுவிடும். ஓர் எழுத்து முழுசாகவே விடுபட்டால்? ஒரு வரியின் எழுத்துகளும் இரட்டைப்படையில் வரவேண்டும் என்ற இரண்டாவது காவல் உண்டு, அது 002. அதற்காகவே, எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால், வரியின் கடைசியில் ஓர் இடைவெளி சேர்த்துத் துளையிட்டார்கள்.

நாடா போய், கம்ப்யூட்டரிலிருந்து புரோகிராமை ஏற்றும் ஆர்எஸ்-232 சீரியல் கேபிள் வந்தபோது கோளாறுகளும் கேபிளுக்குள் குடிபெயர்ந்தன. எடிட் மோடில் ‘எல்எஸ்கே’ என்று திரையில் மின்னிக்கொண்டேயிருந்து ஒன்றும் ஏறாவிட்டால், முதலில் பார்க்கவேண்டியது கோப்பின் தலையில் % குறி இருக்கிறதா என்பது. 085-ஆம் அலாரம் வந்தால் இரு பக்கமும் வேகமோ பேரிட்டியோ ஒத்துப்போகவில்லை. 4800 வேகம், 7 பிட், இரட்டைப் பேரிட்டி, 2 ஸ்டாப் பிட் என்பது வழக்கமான அமைப்பு. 086 வந்தால் எதிர்முனை தயாராக இருப்பதாகச் சொல்லும் சிக்னல் இல்லை. கனெக்டரைத் திறந்து 6, 8, 20 ஆகிய பின்களை ஒன்றாகச் சோல்டர் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். 073 என்றால் அந்தப் புரோகிராம் எண் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. 070 என்றால் அந்த 80 மீட்டரும் நிரம்பிவிட்டது, பழைய ஜாப் ஒன்றை அழித்தாகவேண்டும். கம்ப்யூட்டரும் லேத்தும் வெவ்வேறு எர்த்தில் இருக்கும்போது, மின்சாரத்தை நிறுத்தாமல் கேபிளைச் செருகினால் போர்ட்டே கருகிவிடலாம். படிப்புச் சான்றிதழைவிட மல்டிமீட்டரும் பொறுமையும் மதிக்கப்பட்ட வேலை இது. இதைக் கற்றுக்கொண்டவர்கள் இல்லாமல் அந்தச் சிறு பட்டறைகள் சிஎன்சிக்கு மாறியிருக்கவே முடியாது.

பிறகு வந்த கன்ட்ரோலர்களில் மெமரி கார்டு நுழைந்தது; 20-ஆம் பேராமீட்டரில் 4 என்று போட்டால் கார்டிலிருந்தே படிக்கும். ஆனால் பழைய லேத்துகள் ஓடும் ஷெட்டுகளில் வேறொரு சிக்கல் முளைத்தது. புதிய லேப்டாப்புகளில் சீரியல் போர்ட் இல்லை. யுஎஸ்பி மாற்றியைச் செருகினால், லேத் ‘நிறுத்து’ என்ற பிறகும் அது தன் கையிருப்பில் உள்ள எழுத்துகளை அனுப்பிக்கொண்டே இருக்கும், லேத்தால் கொள்ள முடியாமல் 087 வந்துவிடும். மாற்றியின் அமைப்பில் அந்தக் கையிருப்பை அணைத்து, வேகத்தைக் குறைத்து அனுப்பினால் ஏறிவிடுகிறது.