கங்காணியின் உரிமம் முதல் வேலை அனுமதிச் சீட்டு வரை



கடந்த பள்ளி விடுமுறையின்போது முன்னாள் மாணவன் ஒருவன் தன் தாயாருடன் என் வீட்டிற்கு வந்திருந்தான். ஆறாம் ஆண்டில் என்னிடம் பயின்றவன். இப்பொழுது இருபது வயது இளைஞன். சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை இருப்பதாகவும், அதற்கான அனுமதியை முதலாளியே விண்ணப்பித்துப் பெற்றுத் தருவார் என்றும் முகவர் ஒருவர் அவனிடம் கூறியிருக்கிறார். அதற்குக் கட்டணமாக நான்கு மாதச் சம்பளத்திற்கு இணையான தொகையை முன்கூட்டியே கேட்டிருக்கிறார். "சங்கிலிய அடகு வச்சிடலாம்னு இருக்கேன் டீச்சர். நீங்க ஒரு தடவை இந்தக் கடிதத்தைப் படிச்சுப் பாருங்க" என்றார் அந்தத் தாயார்.

கடிதத்தில் முகவரின் முத்திரை இருந்தது. முதலாளியின் பெயர் எங்கும் இல்லை.

அதைப் படித்து முடித்தபோது, ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் வரலாற்று இடுபணிக்காக நான் திரட்டிய குறிப்புகள் நினைவுக்கு வந்தன. முதலாளியின் பெயரால் அனுமதி பெற்று அயல்நாட்டிற்கு வேலைக்குச் செல்வது நமக்குப் புதியதன்று. நம் முன்னோருள் பெரும்பாலோர் மலாயா மண்ணில் கால் வைத்ததே அப்படித்தான். அந்தத் தாளின் வரலாற்றில் நம் பிள்ளைகளுக்குப் பயன்படும் ஒரு பாடம் உள்ளது. அதனையே இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சஞ்சிக்கூலி முறை

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் பின்னர்க் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய முதலாளிமார் இந்தியாவை நோக்கித் திரும்பினர். மொரிசியசுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் கப்பலேற்றப்பட்டதைப் போலவே, இன்று செபராங் பிறை என்று நாம் அழைக்கும் பகுதியிலிருந்த கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். நாகப்பட்டினமும் சென்னையும் அவர்கள் கப்பலேறிய துறைமுகங்களாகும்.

இம்முறையில் தொழிலாளி ஒரு குறிப்பிட்ட முதலாளியிடம், குறிப்பிட்ட காலத்திற்கு வேலை செய்வதாகக் கைநாட்டு வைத்தார். கப்பல் கட்டணமும் முன்பணமும் அவர் பெயரில் கடனாக எழுதப்பட்டன; சம்பளத்திலிருந்து அவை பிடித்துக்கொள்ளப்பட்டன. கடன் தீரும்வரை வேறு தோட்டத்திற்குப் போக இயலாது. வேலையை விட்டு ஓடினால் அது வெறும் ஒப்பந்த மீறலாகக் கருதப்படவில்லை; சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகவே நடத்தப்பட்டது. ஆக, சஞ்சிக்கூலியைக் கட்டிப்போட்டவை இரண்டு. ஒன்று முதலாளியின் பெயர், மற்றொன்று கடன். இவ்விரண்டையும் வாசகர்கள் மனத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பின்வரும் வரலாறு முழுவதும் இவ்விரண்டைச் சுற்றியே அமைந்துள்ளது.

கங்காணியும் அவர் கையிலிருந்த உரிமமும்

காப்பித் தோட்டங்களும் பின்னர் ரப்பர் தோட்டங்களும் பெருகியபோது கங்காணி முறை வலுப்பெற்றது. தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்யும் நம்பிக்கையான ஒருவரை அவருடைய சொந்த ஊருக்கே அனுப்பி, உற்றார் உறவினரையும் ஊராரையும் அழைத்துவரச் செய்வதே இதன் நடைமுறை.

கங்காணி வெறுங்கையோடு ஊருக்குச் செல்லவில்லை. தோட்ட நிர்வாகி கையொப்பமிட்ட உரிமம் ஒன்று அவரிடம் இருந்தது. எந்தத் தோட்டம், எத்தனை பேர் வேண்டும் என்பன போன்ற விவரங்கள் அதில் இடம்பெற்றன. தொழிலாளர் இலாகாவில் அது பதிவு செய்யப்பட வேண்டும். தமிழகத்தில் இயங்கிய மலாயாக் குடியேற்ற ஆணையரின் அலுவலகத்திலும் காட்டப்பட வேண்டும். இன்றைய மொழியில் சொல்வதானால், முதலாளி ஆதரவில் வழங்கப்படும் வேலை அனுமதியின் பாட்டன் அந்த உரிமமே எனலாம்.

ஆயினும் தொடக்கத்தில் இம்முறையிலும் கடன் தொழிலாளியை விட்டு அகலவில்லை. வழிச்செலவுக்கும் குடும்பச் செலவுக்கும் வாங்கிய முன்பணம் கங்காணியிடமோ தோட்டத்திடமோ கடனாக நின்றது. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் இவ்வளவு எனக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. எனவே, தம் ஆட்கள் விலகிப் போகாமல் பார்த்துக்கொள்வது அவருக்கும் ஆதாயமாயிற்று. சொந்த மாமனே கடன்காரனாகவும் கண்காணிப்பாளனாகவும் ஆன நிலை அது.

1907: கடன் கைமாறிய ஆண்டு

ரப்பரின் விலை ஏறத் தொடங்கிய காலத்தில் தோட்டங்களுக்கு ஆள் போதவில்லை. செலவு செய்து ஆட்களை வரவழைத்த தோட்டத்திலிருந்து, செலவே செய்யாத பக்கத்துத் தோட்டம் ஆட்களை இழுத்துக்கொள்ளும் வழக்கம் பெருகியது. இந்தச் சிக்கலைத் தீர்க்க 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி தோற்றுவிக்கப்பட்டது. பின்னர் இது இந்தியர் குடியேற்ற நிதி எனப் பெயர் பெற்றது.

இதன் வழிமுறை எளியது. இந்தியத் தொழிலாளர்களை வேலைக்கு வைத்திருக்கும் எல்லா முதலாளிகளும், தங்களிடம் செய்யப்பட்ட வேலை நாள்களின் கணக்குப்படி நிதிக்குத் தீர்வை செலுத்த வேண்டும். ஆள் எடுக்க ஊருக்கு அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் தீர்வை உண்டு. அந்தப் பணத்திலிருந்து தொழிலாளியின் பயணச் செலவும் முகாம் செலவும் வழங்கப்பட்டன. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கி, கப்பலேறி, பினாங்கில் பூலாவ் ஜெரஜாக் போன்ற தீவுகளில் தொற்றுத்தடுப்புக் காவலில் இருந்து, பின்னர்த் தோட்டத்திற்குச் சென்ற தொழிலாளி பயணக் கடன் இல்லாதவராக வந்து சேர்ந்தார். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேலையிலிருந்து விலகவும் அவருக்கு உரிமை இருந்தது. 1910ஆம் ஆண்டில் சஞ்சிக்கூலிக்கு ஆள் எடுப்பதும் நிறுத்தப்பட்டது.

இது முதலாளிமாரின் இரக்கத்தால் நிகழ்ந்ததன்று. செலவை எல்லாரும் பகிர்ந்துகொண்டால் ஆள் திருட்டுக் குறையும், ஆட்கள் தடையின்றி வருவார்கள் என்ற கணக்கினால் நிகழ்ந்தது. ஆயினும் அந்தக் கணக்கு ஒரு முக்கியமான உண்மையை நமக்குக் காட்டுகிறது. பயணச் செலவை யார் சுமக்கிறார் என்பது மாறியவுடன், தொழிலாளியின் நிலையும் ஓரளவு மாறியது. கடன் இல்லாதவர்தான் "எனக்கு இந்த வேலை வேண்டாம்" என்று சொல்ல முடியும்.

ஓரளவு என்று நான் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. குறைந்த கூலியும், தோட்ட எல்லைக்குள்ளேயே முடங்கிய வாழ்வும் அப்படியே தொடர்ந்தன. பொருளாதார மந்தம் தாக்கிய 1930 முதல் 1932 வரையிலான ஆண்டுகளில், 150,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அழைத்துவரச் செலவிட்ட அதே நிதிதான் திருப்பி அனுப்பவும் பயன்பட்டது.

கதவுகள் மூடப்பட்டன

1936ஆம் ஆண்டின் இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயாவிற்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். 1938ஆம் ஆண்டில் ஆண் தொழிலாளியின் நாட்கூலி 50 காசிலிருந்து 45 காசாகக் குறைக்கப்பட்டபோது, இந்திய அரசாங்கம் உதவிப் பயணத்தில் தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்தது. கங்காணி முறை அத்துடன் முடிவுற்றது. போருக்குப் பின்னர், 1953ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், தனியாக வேலை தேடி வருவோருக்கும் கட்டுப்பாடுகளை விதித்தது.

1969: மீண்டும் ஒரு தாள்

வந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டவர்களையும் அந்தத் தாள் விடவில்லை. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என விதித்தது. 1969ஆம் ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் திகைத்து நின்றனர். முப்பது, நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவருக்கும் இனி முதலாளி முன்வந்து அனுமதி கேட்க வேண்டும். ஏறக்குறைய 60,000 பேர் நாட்டை விட்டுச் சென்றதாக வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன.

என் சின்னத் தாத்தா அவர்களுள் ஒருவர். 1970ஆம் ஆண்டில் ராஜூலா கப்பலில் ஏறினார். குடியுரிமை விண்ணப்பப் படிவம் தோட்டத்திற்கு வந்த காலத்தில், "இந்தக் காகிதம் இல்லாமலேயே இத்தனை வருசம் வேலை செஞ்சேனே" என்று சொல்லி அதை ஒதுக்கி வைத்துவிட்டாராம். என் தாத்தாவோ, தோட்டப் பள்ளி ஆசிரியரிடம் கொடுத்துப் படிவத்தை நிரப்பிக்கொண்டார். ஒரே லயத்தில் வாழ்ந்த அண்ணன் தம்பி இருவர்; ஒருவரின் பேரப்பிள்ளைகள் மலேசியர்கள், மற்றவரின் பேரப்பிள்ளைகளை நான் புகைப்படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். ஒரு தாளைப் படித்துச் சொல்லும் ஆசிரியரின் பணி எத்துணை கனமானது என்பதை இதனைவிடத் தெளிவாக எனக்கு உணர்த்திய நிகழ்வு வேறில்லை.

இன்றைய தாள்

இன்று நம் இளைஞர்கள் சிங்கப்பூருக்கும் பிற நாடுகளுக்கும் செல்கின்றனர். சிங்கப்பூரில் வேலை அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பிப்பவர் முதலாளி அல்லது அவர் சார்பில் செயல்படும் முகவர். அச்சீட்டு அந்த முதலாளிக்கும் அந்த வேலைக்கும் உரியது. ஆகவே முதலாளியின் பெயர் என்னும் கட்டு இன்றும் இருக்கிறது. அதனை நாம் மாற்ற இயலாது. கடன் என்னும் இரண்டாவது கட்டைத் தவிர்ப்பது பெரிதும் நம் கையில் இருக்கிறது.

அந்தத் தாயாரிடம் நான் கூறியவற்றை இங்கும் பதிவு செய்கிறேன்.

முதலாவதாக, அனுமதி கிடைத்ததற்கான முன் ஒப்புதல் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் முதலாளியின் பெயர், வேலை, அடிப்படைச் சம்பளம், பிடித்தங்கள் ஆகியவை இருக்கும். அதனைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவதாக, சிங்கப்பூர் விதிகளின்படி, அங்குள்ள முகவர் ஒருவர் தொழிலாளியிடம் ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், மிகுதியாக இரண்டு மாதச் சம்பளம் வரைதான் கட்டணம் பெறலாம். நான்கு மாதச் சம்பளம் கேட்கப்பட்டால், ஏன் என்று கேட்க வேண்டும்.

மூன்றாவதாக, அயல்நாட்டுத் தொழிலாளருக்கான தீர்வையை அங்கே முதலாளியே செலுத்த வேண்டும். அதனைத் தொழிலாளியின் சம்பளத்தில் கழிக்கக் கூடாது.

நான்காவதாக, கடப்பிதழ் உங்கள் மகனிடமே இருக்க வேண்டும்.

இந்த நான்காவது செய்தியைக் கூறும்போது நம்மையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். உணவகம், முடிதிருத்தும் நிலையம், நகைக்கடை முதலியவற்றை நடத்தும் நம்மவர் பலர் தமிழகத்திலிருந்து ஆட்களை வரவழைக்கின்றனர். நம் தாத்தாக்கள் வாழ்ந்த லயங்கள் இருந்த தோட்டங்களில் இன்று இந்தோனேசியர்களும் வங்காளதேசத்தவரும் உழைக்கின்றனர். மலேசியாவிலும் 2018ஆம் ஆண்டு முதல் அயல்நாட்டுத் தொழிலாளருக்கான தீர்வையைச் செலுத்தும் பொறுப்பு முதலாளியுடையதாயிற்று. பிறர் கடப்பிதழை நம் மேசை அறைக்குள் பூட்டி வைப்பது 1966ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். கங்காணியிடம் கடன்பட்டவரின் பேரன், இன்னொருவருக்குக் கடன்காரனாக அமர்வது முறையாகுமா?

வகுப்பறையில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு நம் முன்னோரின் வருகையைக் கற்பிக்கும்போது, கப்பலின் பெயரோடும் ஆண்டோடும் நிறுத்திவிட வேண்டாம் என்று ஆசிரிய நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். "அந்தப் பயணத்திற்குப் பணம் கட்டியவர் யார்?" என்ற ஒரு கேள்வியையும் கேளுங்கள். நாளை அவர்கள் கையொப்பமிடப் போகும் தாளில் அதே கேள்வி காத்திருக்கும்.

அன்று மாலை அந்தத் தாயார் சங்கிலியை அடகு வைக்கவில்லை. மறுநாள் முகவரிடம் முன் ஒப்புதல் கடிதத்தைக் கேட்டபோது, "முதலில் பணம், பிறகு கடிதம்" என்ற பதில் வந்ததாம். அவன் இப்பொழுது வேறு நிறுவனங்களுக்கு நேரடியாக விண்ணப்பித்து வருகிறான். போய்வரட்டும், கடனின்றிப் போய்வரட்டும்.