பூட்டிய அலமாரியும் நல்லொழுக்கச் சான்றும்

அமெரிக்க மருத்துவமனை ஆவணங்களில் 'டைவர்ஷன்' என்றொரு சொல் வழங்குகிறது. நோயாளியின் பெயரில் எடுக்கப்பட்ட மருந்து, நோயாளியைச் சேராமல் வேறொரு கைக்குப் போய்விடுவதை அது குறிக்கும். தமிழில் 'திசைதிருப்பல்' என்று பெயர்த்தால் அணைக்கட்டும் வாய்க்காலும்தாம் நினைவுக்கு வருகின்றன. 'திருட்டு' என்று சொல்லிவிட்டால் பொருள் விளங்கிவிடும். ஆனால் அந்த நாட்டு மருத்துவ உலகம் அச்சொல்லைத் தவிர்க்கவே விரும்புகிறது. விந்தை என்னவெனில், அவ்வாறு மருந்தெடுத்துப் பிடிபட்ட செவிலியரைத் தண்டனையின் பக்கமிருந்து சிகிச்சையின் பக்கம் அனுப்புவதற்காகக் கலிபோர்னியா மாநிலம் 1985-இல் தொடங்கிய திட்டத்துக்கும் 'டைவர்ஷன்' என்பதே பெயராக இருந்தது. பிழைக்கும் பரிகாரத்துக்கும் ஒரே பெயர். பின்னாளில் திட்டத்தின் பெயரை மாற்றிக்கொண்டார்கள் என்றாலும், அந்தப் பழைய பெயர்க் குழப்பத்தில் ஒரு நூற்றாண்டு வரலாறு அடங்கியிருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

அந்த வரலாறு மருந்திலிருந்து தொடங்கவில்லை; பதிவேட்டிலிருந்து தொடங்குகிறது. செவிலியரைப் பதிவுசெய்து உரிமம் வழங்கும் சட்டத்தை 1901-இல் நியூசிலாந்து இயற்றியது. 1903-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் அதே வழியில் இறங்கியது. அவ்வாண்டே நியூ ஜெர்சி, நியூ யார்க், வர்ஜினியா ஆகியவையும் தொடர்ந்தன. இங்கிலாந்தில் இதற்கு 1919 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே இந்த முயற்சியை நெடுங்காலம் எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் யார் என்று கேட்டால் வாசகர்கள் வியக்கக்கூடும்: ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். நல்ல செவிலியை நல்ல செவிலியாக்கும் குணத்தைத் தேர்வெழுதி அளக்கவும் முடியாது, ஏட்டில் பதியவும் முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். வாதத்தில் அவர் தோற்றார். ஆனால் அவருடைய கவலை அந்தச் சட்டங்களுக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டது. ஆரம்பகாலப் பதிவுச் சட்டங்கள் பலவும் படிப்போடும் வயதோடும் நல்லொழுக்கத்தையும் ஒரு தகுதியாக வைத்தன. அளக்க முடியாதென்று அவர் சொன்னதை அளந்துவிட்டதாக ஏடு சொல்லிக்கொண்டது. அதனாலேயே ஒரு செவிலி தவறியபோது, 'என்ன நடந்தது' என்ற கேள்விக்கு முன்பாக, 'இவள் எப்படிப்பட்டவள்' என்ற கேள்வி எழுந்து நின்றது.

அபின் சார்ந்த மருந்துகளையும் கோகெயினையும் கணக்குக்குள் கொண்டுவந்த ஹாரிசன் சட்டம் 1914-இல் நிறைவேறியது. மருத்துவரும் மருந்தாளரும் அரசிடம் பதிந்துகொண்டு, கொடுத்ததற்கும் பெற்றதற்கும் ஏடு வைத்திருக்க வேண்டும் என்றாயிற்று. செவிலிக்கு அந்தச் சட்டத்தில் தனி இடமில்லை. மருத்துவரின் ஆணைப்படி மருந்தைக் கையாளும் கை மட்டுமே அவள். ஆனால் அலமாரியின் சாவி இருந்ததோ அவள் இடுப்பில். மருந்தெழுதும் அதிகாரமில்லை, மருந்தைத் தொடும் பொறுப்பு மட்டும் உண்டு என்ற இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவன எளிதில் விளங்கும்.

இதே காலத்து மருத்துவர் ஒருவரின் கதையை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் (1852–1922). நியூ யார்க்கில் இருந்தபோது, 1884-ஐ ஒட்டி, கோகெயினை மரப்பு மருந்தாகப் பயன்படுத்தும் வழியைத் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து அதற்கு அடிமையானார். 1886-இல் ராட் தீவு மாநிலத்துப் பட்லர் மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றார். கோகெயினுக்குப் பதிலாக மார்ஃபின் ஒட்டிக்கொண்டது. பின்னர் ஹாப்கின்ஸ் அவரை ஏற்றது, உயர்த்தியது, அமெரிக்க அறுவை மருத்துவக் கல்வியின் தந்தை என்னுமளவுக்குப் போற்றியது. உடன் பணியாற்றிய வில்லியம் ஆஸ்லர் ஒரு மறைகுறிப்பு எழுதிவைத்தார். நாளொன்றுக்கு மூன்று கிரெயினுக்குக் கீழே மார்ஃபினைக் குறைக்க ஹால்ஸ்டெட்டால் இயலவில்லை என்று அதில் இருந்தது. இன்றைய அளவையில் ஏறத்தாழ 200 மில்லிகிராம். அக்குறிப்பு 1969-இல்தான் வெளியுலகுக்கு வந்தது. அதாவது அவர் இறந்து 47 ஆண்டுகளுக்குப் பிறகு.

அதே அறுவைக்கூடத்தின் தலைமைச் செவிலி கரோலைன் ஹாம்ப்டன். கைகழுவப் பயன்பட்ட பாதரச உப்புக் கரைசலில் அவருடைய தோல் வெந்துபோயிற்று. அதைக் கண்டு ஹால்ஸ்டெட் குட்இயர் நிறுவனத்திடம் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்வித்ததும், 1890-இல் இருவரும் மணந்துகொண்டதும் மருத்துவ வரலாற்றில் காதல் அத்தியாயமாகவே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. சொல்லட்டும், அழகான கதைதான். ஆனால் இடங்களை மாற்றிப் போட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. மார்ஃபினுக்கு அடிமையானவர் அந்தச் செவிலியாக இருந்திருந்தால், எந்த நண்பர் மறைகுறிப்பு எழுதி 1969 வரை காத்திருப்பார்? நல்லொழுக்கச் சான்று இல்லாமல் அடுத்த மருத்துவமனையின் வாசற்படி ஏறியிருக்க முடியுமா?

இலக்கியத்திலும் இந்த இடவேறுபாடு அப்படியே இருக்கிறது. மிகயீல் புல்காகவ், தம் சொந்த அனுபவத்தின் சாயலில் எழுதி 1927-இல் வெளியிட்ட 'மார்ஃபின்' கதையில் அழிகிறவன் மருத்துவன். நாட்குறிப்பும் அவனுடையது, துயரமும் அவனுடையது. கரைசலைத் தயாரித்துத் தருகிற அன்னா பக்கத்தில் நின்று அழுகிறாள். அவளுடைய நாட்குறிப்பை எவரும் எழுதவில்லை.

அமெரிக்காவில் பார்வை மெல்ல மாறியது. கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் 1935-இல் அரசே போதையடிமைகளுக்கென மருத்துவமனை ஒன்றைத் திறந்தது. சிறைக்கும் மருத்துவமனைக்கும் இடைப்பட்ட இடம் அது. 1962-இல் ராபின்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் போதைக்கு அடிமையாக இருக்கும் நிலையையே குற்றமாக்கித் தண்டிப்பது அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. 1973-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் 'நோயுற்ற மருத்துவர்' பற்றிய அறிக்கையை வெளியிட்டது; 1980 வாக்கில் பெரும்பாலான மாநிலங்களின் மருத்துவச் சங்கங்கள் தம்மவருக்கான மீட்புத் திட்டங்களை உருவாக்கியிருந்தன. செவிலியர் சங்கம் இதையொத்த தீர்மானத்தை நிறைவேற்றியது 1982-இல். மறு ஆண்டு ஃபுளோரிடாவில் செவிலியருக்கான முதல் மாற்றுத்திட்டம் பிறந்தது. மருத்துவர்கள் நோயாளிகளாகி ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்துச் செவிலியரும் நோயாளிகளானார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

இப்போது அந்தப் பூட்டிய அலமாரிக்குத் திரும்புவோம். 1980களின் பிற்பகுதியிலிருந்து சாவிக்கொத்தின் இடத்தைக் கணினி பூட்டிய மருந்துப்பெட்டிகள் பிடித்துக்கொண்டன. 'பிக்ஸிஸ்' என்ற வணிகப்பெயரே வார்டுகளில் அதற்கு இடுபெயராகிவிட்டது. யார், எந்த நிமிடத்தில், எந்த நோயாளியின் பெயரில், எத்தனை மில்லிகிராம் எடுத்தார் என்பதெல்லாம் அதில் பதிவாகும். 10 மில்லிகிராம் மார்ஃபின் குப்பியிலிருந்து 4 மில்லிகிராம் மட்டுமே நோயாளிக்கு விதிக்கப்பட்டிருந்தால், மீதி 6 மில்லிகிராமை இன்னொரு செவிலியின் கண்முன் கொட்டிவிட்டு இருவரும் சாட்சி பதிய வேண்டும். நெரிசலான இரவுப் பணியில் தோழமை காரணமாகப் பார்க்காமலே சாட்சி பதிவது உண்டு. திசைதிருப்பல் பலவும் இந்தச் சிறு நம்பிக்கையின் இடுக்கில்தான் நுழைகின்றன.

பிடிபடுவது பெரும்பாலும் கணக்கினால். ஒரே வார்டில் மற்றவரைவிட ஒருவர் பன்மடங்கு எடுத்திருப்பதைக் கணினி காட்டும்; எடுத்ததாகப் பதிவிருந்து நோயாளியின் தாளில் கொடுத்ததாகப் பதிவிராது. மேலாளர் அழைப்பார், சிறுநீர்ச் சோதனை, வேலைநீக்கம், மாநிலச் செவிலியர் வாரியத்துக்குப் புகார். வாரியத்தின் கடிதம் வர மாதங்கள் ஆகலாம். அதன்பின் வழி இரண்டாகப் பிரியும். ஒன்று முறையான ஒழுங்கு நடவடிக்கை. குற்றச்சாட்டுப் பத்திரம், நிர்வாக நீதிபதி முன் விசாரணை, கண்டனம் முதல் உரிமப் பறிப்பு வரையிலான ஆணை. அந்த ஆணை எவரும் இணையத்தில் தேடிப் படிக்கக்கூடிய பொது ஆவணம். மற்றொன்று மாற்றுத்திட்டம், பெயர் வெளியே வராது. ஆனால் மூன்று முதல் ஐந்தாண்டுகள் வரை ஒவ்வொரு நாளும் இன்று சோதனை உண்டா என்று தொலைபேசியில் கேட்டறிய வேண்டும். போதைமருந்துச் சாவியைத் தொடக்கூடாது. இரவுப்பணியும் ஒப்பந்தப்பணியும் பல இடங்களில் கூடாது. சோதனைச் செலவு பெரும்பாலும் அவரையே சாரும், வேலையில்லாதபோதும். குற்றவியல் நீதிமன்றத்தில் கடுங்குற்றத் தீர்ப்பும் வந்துவிட்டாலோ, 1996-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களிலிருந்து குறைந்தது ஐந்தாண்டு விலக்கு. அப்பணம் வாங்காத மருத்துவமனை அங்கே அரிது என்பதால், உரிமம் கையிலிருந்தும் வேலை கிடைக்காது.

இம்மாற்றுத்திட்டத்தை நாம் கருணையின் வெற்றியாகவே எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அதற்கு 2009-ஆம் ஆண்டு இடந்தரவில்லை. அவ்வாண்டு ஜூலையில் புரோபப்ளிகா, லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் ஆகிய இரண்டும் சேர்ந்து வெளியிட்ட புலனாய்வு, கலிபோர்னியா வாரியம் ஒரு புகாரை விசாரித்து முடிக்கச் சராசரியாக மூன்றாண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டதைக் காட்டிற்று. அதுவரை உரிமம் கையில். வேலை இன்னொரு மருத்துவமனையில். ஆளுநர் சுவார்ஸ்நெகர் ஓரிரு நாளில் வாரியத்தின் பெரும்பான்மை உறுப்பினர்களை மாற்றினார். 2012-இல் நியூ ஹாம்ப்ஷயரில் வெளிப்பட்டது இன்னும் கொடியது. அங்கே பிடிபட்டவர் செவிலியர் அல்லர், கதிரியக்கப் பிரிவுத் தொழில்நுட்பர். ஃபென்டனில் ஊசிகளைத் திருடித் தமக்கு ஏற்றிக்கொண்டு, அதே ஊசிக்குழாயில் வேறு நீரை நிரப்பி வைத்தவர். அவரிடமிருந்த ஹெபடைடிஸ் சி கிருமி குறைந்தது 45 பேருக்குத் தொற்றியது. முன்னரே ஒரு மருத்துவமனை அவரை இதே சந்தேகத்தில் விலக்கியிருந்தும், மாநிலம் மாறி மாறி வேலை பெற்றுக்கொண்டே வந்தார். 2013-இல் 39 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மௌனமாக அனுப்பிவைப்பது கருணையாகாது என்பதை அந்த 45 பேர் உடம்பால் அறிந்தார்கள்.

மறுபுறத்தில் கடுமையும் தன் பழைய முகத்தை விடவில்லை. போதையிலிருந்து மீள மருத்துவர் எழுதித்தரும் மருந்தை உட்கொள்ளும் செவிலியரை மாற்றுத்திட்டத்தில் சேர்க்க இந்தியானா மாநில வாரியம் மறுத்துவந்தது. மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தை (1990) அது மீறுவதாக மத்திய நீதித்துறை 2022 மார்ச்சில் அறிவித்தது. மருந்தைத் திருடியது நோயின் விளைவு என்று ஒப்புக்கொண்டபின், அந்நோய்க்கு மருந்து சாப்பிடுவது மட்டும் ஒழுக்கக்கேடு என்கிற இந்தத் தர்க்கம் 1903-இன் ஏட்டிலிருந்து நேரே வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இவ்வளவு சொல்லியும் ஒருவர் இன்னும் நம் கட்டுரைக்குள் சரியாக வரவில்லை: நோயாளி. வாரியக் கோப்புகளிலும் அவர் அப்படித்தான். எண்ணாகவோ முதலெழுத்தாகவோ வருவார். பாவி என்ற காலத்திலும் நோயாளி என்ற காலத்திலும் பேச்செல்லாம் செவிலியைப் பற்றியே இருந்தது.

2020 ஜூன் முதல் அக்டோபர் வரை, கனெக்டிகட் மாநிலத்து ஆரஞ்ச் என்ற ஊரில், யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக் கூடத்தில் செவிலி ஒருவர் ஃபென்டனில் குப்பிகளை எடுத்துச் சென்று, உப்புநீர் நிரப்பித் திரும்ப வைத்துவந்தார். அம்மாதங்களில் அங்கே நோயாளிகளுக்குத் தரப்பட்ட ஃபென்டனிலில் ஏறத்தாழ 75 விழுக்காடு கலப்படமானது என்று அரசு வழக்கறிஞர் அலுவலகம் கூறியது. சிலவற்றில் மருந்து நீர்த்திருந்தது, சிலவற்றில் மருந்தே இல்லை. கருமுட்டை எடுக்க யோனிச்சுவர் வழியே ஊசி செலுத்தும் சிகிச்சை அது. மேசையில் கிடந்த பெண்கள் வலிக்கிறது என்று சொன்னார்கள். சிலர் கத்தினார்கள். விதித்த அளவு முழுவதும் கொடுத்தாயிற்று என்று தாளில் இருந்தது. தாள் சொன்னதைக் கூடம் நம்பியது, பெண்கள் சொன்னதை நம்பவில்லை. தம் உடம்பில்தான் ஏதோ கோளாறு போலும் என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்பியவர்களும் உண்டு. அவர்களுடைய குரல்களை 2023-இல் 'தி ரிட்ரீவல்ஸ்' என்ற ஒலித்தொடர் பதிவுசெய்தது.

செவிலி குற்றத்தை ஒப்புக்கொண்டார். தம் உரிமத்தைத் தாமே ஒப்படைத்துவிட்டார். 2021 மே மாதத்தில் மத்திய நீதிமன்றம் நான்கு வார இறுதிகள் சிறை, மூன்று மாத வீட்டுக்காவல், மூன்றாண்டுக் கண்காணிப்பு என்று தண்டனை விதித்தது. மறு ஆண்டு பல்கலைக்கழகம் மருந்துக் கணக்கு விதிகள் தொடர்பாக 3,08,250 டாலர் செலுத்தி அரசுடன் உடன்பாடு செய்துகொண்டது. அத்தொகை போய்ச் சேர்ந்தது அரசுக்கு.