ஃப்ரெடி மெர்க்குரி: ராக் ரசிகர்கள் மறக்காத 4 தேதிகள்!

ஸ்டேடியத்துல மொத்தக் கூட்டமும் ரெண்டு தடவை காலைத் தட்டி, ஒரு தடவை கையைத் தட்டுமே... அந்தத் தாளம் உங்களுக்கு நிச்சயம் தெரிஞ்சிருக்கும். அது 'குயின்' இசைக்குழுவின் பாட்டு. அதன் பாடகர்தான் ஃப்ரெடி மெர்க்குரி. சான்சிபார் தீவில் பார்சி குடும்பத்தில் பிறந்தவர்; பள்ளியில் படித்தது நம் மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில்! அவர் ரசிகர்கள் காலண்டரில் குறித்துவைக்கும் 4 தேதிகள் இதோ...

ஜூலை 13, 1985: எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட, லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்திலும் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலும் ஒரே நாளில் 'லைவ் எய்ட்' கச்சேரி நடந்தது. வெம்ப்ளியில் குயின் பாடியது சுமார் 20 நிமிஷம்தான். ராக் வரலாற்றின் பெஸ்ட் மேடை எதுன்னு கேட்டா, பலரும் இன்னிக்கும் இதைத்தான் சொல்றாங்க. பிரேசிலில் ஜூலை 13-ஐ ராக் தினமாகவே கொண்டாடுறாங்க.

ஆகஸ்ட் 9, 1986: இங்கிலாந்தின் நெப்வொர்த்தில் லட்சத்துக்கும் அதிகமானோர் திரண்ட கச்சேரி. குயினோடு ஃப்ரெடி பாடிய கடைசிக் கச்சேரியும் இதுதான்.

நவம்பர் 23, 1991: 'எனக்கு எய்ட்ஸ்' என அறிக்கை வெளியிட்டார். மறுநாளே மரணம். வயது 45.

ஏப்ரல் 20, 1992: அதே வெம்ப்ளியில் அஞ்சலிக் கச்சேரி. டேவிட் போவி, எல்டன் ஜான், ஜார்ஜ் மைக்கேல் எனப் பலரும் பாடினார்கள். எய்ட்ஸ் என்ற பெயரைச் சொல்லவே பலர் தயங்கிய காலத்தில், அதைப் பற்றிப் பல நாட்டு டி.வி-க்களில் பேசவைத்த மேடை அது. அந்த வருமானத்தில் தொடங்கியதுதான் 'மெர்க்குரி ஃபீனிக்ஸ் டிரஸ்ட்'. எய்ட்ஸுக்கு எதிரான பணிகளுக்கு இன்றும் உதவுகிறது.

அடுத்த ஜூலை 13 அன்னிக்கு ஒரு 20 நிமிஷம் ஒதுக்கி, அந்த வெம்ப்ளி வீடியோவைப் பாருங்க!