சம்பூரின் கட்டிளம் பருவத்தினரும் பெற்றோர் கல்வியும்

பிள்ளை வளர்ப்பு இல்லத்தின் கடன் எனப்படினும், கட்டிளமைப் பருவத்தை எய்திய பிள்ளையை இல்லம் தனித்து வளர்த்ததில்லை. ஊரும் தொழிலும் அப்பணியிற் பங்கு கொண்டன. திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையில் அமைந்த சம்பூரின் அண்மைக்கால வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாக்குகின்றது.

சம்பூர், வேளாண்மையும் மீன்பிடியும் கால்நடையும் சார்ந்த ஊர். அத்தகைய ஊரில் தந்தையுடன் வயலுக்கும் கடலுக்கும் செல்லும் மகனும், தாயுடன் அறுவடையில் நிற்கும் மகளும் தொழிலோடு ஒழுக்கத்தையும் கற்பர். கண்டிக்கும் உரிமை மாமனுக்கும் அயலவருக்கும் உண்டு. அவ்வளர்ப்பிற் பிரம்புக்கும் இடமிருந்தது என்பதை மறைத்தலாகாது.

2006ஆம் ஆண்டுப் போரினால் அம்மக்கள் இடம்பெயர்ந்தனர். 2007இல் அவர்தம் ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடக்கப்பட்டது. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முதலிய இடங்களில் முகாம் வாழ்க்கை நீடித்தது. 2015இல் 818 ஏக்கர் நிலம் விடுவிக்கப்பட்டது. 2016இல் கடற்படையினர் வசமிருந்த பகுதியும் மீண்டது. ஐந்து வயதில் ஊரைவிட்டு வெளியேறிய சிறுவன் பதினான்கு வயதினனாகவே திரும்பினான். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் அவனுக்குக் கற்பிக்கத் தந்தையிடம் வயலும் இல்லை, தோணியும் இல்லை. நிலத்தோடு தந்தை சொல்லின் வலுவும் குன்றிற்று.

இவ்வாறு குன்றிய வலுவை மீட்க, அறிவுரை மாத்திரம் போதுமா? தென்னாபிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில், வறுமையும் வன்முறையும் மலிந்த 40 குடியிருப்புகளைச் சேர்ந்த 552 குடும்பங்களிடையே 2015–2016 காலப்பகுதியில் நிகழ்ந்த ஆய்வு ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. சினோவுயோ எனும் அத்திட்டத்தின் 14 அமர்வுகளை உள்ளூர்ப் பணியாளரே நடத்தினர். பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்தனர். அடியின்றி நெறிப்படுத்தும் முறைகளோடு குடும்ப வரவு செலவும் சேமிப்பும் கற்பிக்கப்பட்டன. பங்குபற்றிய குடும்பங்களின் பொருள்நிலை மேம்பட்டது. அடித்தல் குறைந்ததெனப் பெற்றோர் கூறினர். பிள்ளைகளின் கூற்றிலோ அவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படவில்லை.

இதனால் இரு உண்மைகள் பெறப்படும். பிழைப்புக்கு வழிகாட்டாத பெற்றோர் கல்வி வெறும் உபதேசமாகவே முடியும். அதன் பயனை அளக்கப் பெற்றோரின் சான்று மாத்திரம் போதாது. பிள்ளையின் சான்றும் வேண்டும். சம்பூருக்கு நிலம் மீண்டது. முகாமிற் கழிந்த ஒன்பது ஆண்டுகள் மீளா. அவ்வாண்டுகளில் வளர்ந்தோரின் குரலைக் கேட்டுப் பதிந்து வைத்தலே, அம்மண்ணில் அமையும் எந்தப் பெற்றோர் கல்விக்கும் முதற்படியாகும்.