இருண்ட திரையும் திறவாத இயக்கியும்

1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் படைத்த லினக்ஸ், தன் மூலநிரலை எவரும் பயிலுமாறு திறந்து வைத்தது. ஆயினும், கணினித் திரையில் உருவங்களைத் தீட்டும் வரைகலை அட்டை, அதற்கென எழுதப்பட்ட இயக்கி நிரலின்றிச் செவ்வனே இயங்காது. என்விடியா நிறுவனம் லினக்சுக்கு இயக்கியை வழங்கியது. அதன் மூலநிரலை வழங்கவில்லை. லினக்சின் நடுப்பகுதியாகிய கருனி புதுப்பிக்கப்படுகையில் அவ்வியக்கி பொருந்தாமற் போயின் திரை இருண்டுவிடும். பழுது காண முனைவோர்க்குப் படிக்க ஏடே இல்லை.

2006இல் தன்னார்வலர் சிலர் ‘நூவோ’ என்னும் திறந்த இயக்கியை அறிவித்தனர். அவர்தம் முறை வியப்புக்குரியது. மூடிய இயக்கி அட்டைக்கு விடுக்கும் ஆணைகளைப் பதிவுசெய்து, எவ்வாணைக்கு எவ்விளைவு என ஒப்புநோக்கிப் பொருள் கண்டனர். அகராதியும் இலக்கணமும் இல்லாத மொழியைக் கேட்டே கற்கும் உழைப்பு அது! 2010இல் வெளிவந்த 2.6.33ஆம் கருனியில் நூவோ இடம்பெற்றது. திரை இருளக் கண்டோர் பலர், வேகம் குறைந்தாலும் ஆகுக என்று அதனையே நாடினர்.

2012இல் பின்லாந்தில் டோர்வால்ட்ஸ் என்விடியாவைக் கடிந்துரைத்தார். அச்சொல் வகுப்பறைக்கு உகந்ததன்று. 2014 முதல் வந்த அட்டைகளோ நிறுவனம் கையொப்பமிட்ட நிரலையே ஏற்றதால், நூவோவால் அவற்றை முழு வேகத்தில் இயக்க இயலவில்லை. 2022 மே மாதத்தில் என்விடியா கருனிக்குரிய பகுதியின் மூலநிரலை வெளியிட்டது. 2018க்கு முற்பட்ட அட்டைகளுக்கு அது பயன்படவில்லை.